உள்ளீடு பாதியில் வரும்போது

அனைவருக்கும் வணக்கம். டூரிங் இயந்திரம் என்பது நீண்ட நாடாவில் குறிகளைப் படித்தும் எழுதியும், விதிப்படி அடியடியாக நகரும் கற்பனைக் கணினி. பாடநூல்களில் நாம் படிக்கும் அந்த இயந்திரத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலை தொடங்கும் முன்பே உள்ளீடு முழுவதும் நாடாவில் இருக்க வேண்டும். நடுவில் யாரும் நாடாவைத் தொடக்கூடாது. இயந்திரம் நின்றபின் நாடாவில் இருப்பதே விடை. ஆனால் ஆலன் டூரிங் தம் 1936 கட்டுரையிலேயே இன்னொரு வகையையும் சொல்லியிருக்கிறார். சில நிலைகளில் அந்த இயந்திரம் காத்திருக்கும், வெளியிலிருந்து ஒருவர் தேர்ந்து சொன்னால்தான் நகரும். அதற்குத் 'தேர்வு இயந்திரம்' என்று பெயரிட்டுவிட்டு, அந்தக் கட்டுரைக்கு யாரும் தலையிடாத முதல் வகையான தானியங்கியே போதும் என்று நகர்ந்துவிட்டார்.

லிஃப்டின் கட்டுப்பாட்டு நிரலும் இயங்குதளமும் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவை நின்றால் விடை கிடைத்தது என்று பொருளில்லை, பழுதாகிவிட்டது என்று பொருள். டேவிட் ஹரேலும் அமீர் ப்னூவேலியும் 1985-இல் இவற்றை 'எதிர்வினை அமைப்புகள்' என்று அழைத்தார்கள்.

இப்படிப்பட்ட இரண்டு இயந்திரங்கள் சமம் என்று எப்போது சொல்லலாம்? பயணச்சீட்டு தரும் இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். முதல் பெட்டியில் நாணயம் போட்டதும் 'ஒருவழி', 'இருவழி' என்ற இரண்டு பொத்தான்களும் வேலை செய்யும். இரண்டாவது பெட்டி, நாணயம் விழுந்த கணமே ஏதோ ஒரு பொத்தானைத் தானே முடிவு செய்து, மற்றதைப் பூட்டிவிடும். நடக்கக்கூடிய நிகழ்வு வரிசைகளைப் பட்டியலிட்டால் இரண்டுக்கும் ஒரே பட்டியல்தான்: நாணயம்–ஒருவழி, நாணயம்–இருவழி. முடிவுறு தானியங்கிகளின் கோட்பாடு, அதாவது எண்ணி முடிக்கக்கூடிய நிலைகள் மட்டுமே உள்ள இயந்திரங்களின் கோட்பாடு, இவை சமம் என்றே சொல்லும். ஆனால் இருவழிச் சீட்டு கேட்பவர் இரண்டாவது பெட்டியின் முன் நாணயத்தைப் போட்டுவிட்டு நின்றுபோகக்கூடும். சோதனையிலோ ஒருமுறை தேறும், மறுமுறை தவறும். பிழை கைக்குச் சிக்காது. என்ன நடந்தது என்பது மட்டுமல்ல, தேர்வு எந்தக் கணத்தில், யார் கையில் இருந்தது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

ஒன்றோடொன்று பேசும் இயந்திரங்களுக்காக ராபின் மில்னர் 1980-இல் தந்த கணித முறையும், அடுத்த ஆண்டு டேவிட் பார்க் தந்த இருதிசை ஒப்புமை (bisimulation) என்ற கருத்தும் இதற்கான கருவிகள். இதை ஓர் ஆட்டமாகப் பாருங்கள். சவால் விடுபவர் ஏதாவது ஒரு பெட்டியில் ஓர் அடி வைப்பார். எதிராளி மற்றதில் அதே பெயருள்ள அடியை வைக்க வேண்டும்; முடியாவிட்டால் பெட்டிகள் சமமல்ல. ஒவ்வொரு சுற்றிலும் சவால் விடுபவர் பெட்டியை மாற்றலாம். அவர் இரண்டாவது பெட்டியில் நாணயம் போட்டு, 'ஒருவழி' மட்டுமே திறந்திருக்கும் நிலைக்குப் போகிறார். எதிராளி முதல் பெட்டியில் நாணயம் போடுகிறார். இப்போது சவால் விடுபவர் முதல் பெட்டிக்கு மாறி 'இருவழி'யை அழுத்துகிறார். இரண்டாவது பெட்டியில் அது பூட்டியிருப்பதால், எதிராளியால் பதிலுக்கு அடி வைக்க முடியாது. இரண்டே சுற்றில் வேறுபாடு வெளிப்பட்டுவிட்டது.

அந்தப் பெட்டியைப் போல உள்ளீட்டைத் தடுக்கும் உரிமையே இயந்திரத்துக்குத் தராத மாதிரியையும் சொல்லியாக வேண்டும். நான்சி லிஞ்சும் மார்க் டட்டிலும் 1987-இல் தந்த மாதிரியில், எந்த நிலையிலும் எந்த உள்ளீடும் வரலாம் என்பது விதி. 4 நிலைகளும் 5 வகைச் செய்திகளும் இருந்தால் அட்டவணையின் 20 கட்டங்களையும் நிரப்புங்கள். 'இது இங்கே வராது' என்று வெறுமையாக விட்ட கட்டத்தில்தான் பெரும்பாலும் பிழை குடியிருக்கும்.

பீட்டர் வெக்னர் 1997-இல், ஊடாட்டம் (இயந்திரமும் சூழலும் இடைவிடாமல் பேசிக்கொள்வது) படிமுறைகளைவிட (algorithms) வலிமையானது என்று எழுதினார். அவரும் டினா கோல்டினும் ஆராய்ந்த நீடித்த டூரிங் இயந்திரத்தில், ஒரு பதிலுக்கும் அடுத்த கேள்விக்கும் இடையே வேலை நாடா அழிக்கப்படுவதில்லை. அதனால் ஒரே கேள்விக்கு இன்று ஒரு பதிலும் நாளை வேறு பதிலும் வரலாம். பதில் முழு வரலாற்றையும் சார்ந்தது. மாதிரி அருமையானது. ஆனால் அதன் ஒவ்வோர் அடியும் சாதாரண டூரிங் அடிதான். படிமுறையால் கணிக்க முடிவதை எல்லாம் டூரிங் இயந்திரமும் கணிக்கும் என்ற சர்ச்–டூரிங் கருதுகோள் இதனால் உடைந்துவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. அந்தக் கருதுகோள் பேசுவது சார்புகளைப் பற்றி, அதாவது ஓர் உள்ளீட்டுக்கு ஒரே விடை தரும் கணக்குகளைப் பற்றி. இங்கே கேள்வியே வேறு.

அந்த வேறு கேள்வியின் கூர்மையை ஒரு சின்ன உதாரணத்தில் காட்டுகிறேன். ஒரு கருவிக்கு இரண்டு பயனர்கள், ஒரு நடுவர். கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் யாரும் கேட்கலாம். ஒரே துடிப்பில் இருவருக்கும் அனுமதி கூடாது. கேட்ட அதே துடிப்பில் அனுமதி தர வேண்டும். இந்த நிபந்தனைகளில் தர்க்க முரண் இல்லை: இருவரும் ஒருசேரக் கேட்காத ஓட்டங்களில் எல்லாம் சரியாக நடக்கும். இருந்தும் எந்த இயந்திரமும் இதைச் செய்ய முடியாது. சூழல் முதல் துடிப்பிலேயே இருவரையும் கேட்க வைத்தால் போதும், நடுவர் தோற்றார். நிபந்தனை நிறைவேறும் ஓர் ஓட்டம் இருந்தால் மட்டும் போதாது. சூழலின் எல்லா நகர்வுக்கும் எதிராக ஒரு வெல்லும் வழி வேண்டும். நிபந்தனையைக் கொடுத்தால் அப்படி வெல்லும் இயந்திரம் உண்டா, அதைக் கட்ட முடியுமா என்று அலோன்சோ சர்ச் 1957-இல் எழுப்பிய சிக்கலை 1969-இல் பியூக்கியும் லாண்ட்வெபரும் தீர்த்தார்கள்.

நடுவரைக் காப்பாற்ற, 'அதே துடிப்பில் அல்லது அடுத்த துடிப்பில்' என்று தளர்த்துங்கள். ஒற்றைத் துடிப்பில் முதலாமவர், இரட்டையில் இரண்டாமவர் என்று மாறி மாறித் தரும் 2 நிலை இயந்திரம் போதும். கேட்காதவருக்கும் அது அனுமதி தந்துவிடும். அதைத் தடுக்கும் விதியை எழுத மறந்தோம். அதையும் சேர்த்தால் 3 நிலைகள் தேவை: நிலுவை இல்லை, முதலாமவர் நிலுவை, இரண்டாமவர் நிலுவை. நிலுவையில் இருப்பவருக்கே முதலில் கொடுங்கள். அந்தத் துடிப்பில் மற்றவர் கேட்டிருந்தால், அடுத்த துடிப்புக்கு அவர் பெயர் நிலுவையில் ஏறும்.