சிவப்பிக்கு வாங்கிய இரண்டு கிலோ சீனி

வணக்கம் உறவுகளே. இன்று முத்தையன்கட்டுக் குளத்து மீன் காணொளி வரும் என்று காத்திருந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன காணொளியில் வயிறு பெருத்து நின்ற நம்முடைய ஜேர்சிக் கலப்புப் பசு சிவப்பி, நேற்று அதிகாலை நாகு கன்று ஒன்றை ஈன்றாள். இரண்டு மணித்தியாலம் செல்லுமுன் அவளுடைய கருப்பை முழுவதும் உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு பின்னால் தொங்கிவிட்டது.

நான் அதை, கன்று ஈன்றபின் விழும் இளங்கொடி (நஞ்சுக்கொடி) என்று நினைத்து, ஆலமரத்தில் கட்டுவதற்குச் சாக்கும் கயிறும் எடுத்து வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இளங்கொடி மெல்லிய சவ்வு. இதுவோ தடித்த சிவந்த சதை, அதன்மேல் காளான் முளைத்ததுபோல முடிச்சு முடிச்சாக இருந்தது. பக்கத்து வளவு மாமா, மாட்டை எழுப்பி மர நிழலுக்கு நடத்தச் சொன்னார். தொலைபேசியில் வைத்தியர் அதைக் கேட்டுப் பதறிவிட்டார். மாடு நடந்தால் அந்தப் பாரத்தில் இழுபடும் பெரிய நாடி உள்ளே கிழிந்து, வெளியே இரத்தம் தெரியாமலேயே செத்துவிடக்கூடுமாம். ஈரத்துணியால் சுற்றிக் காகமும் நாயும் அண்டாமல் காவலிருக்கச் சொல்லிவிட்டு, கடைசியாக, "இரண்டு கிலோ சீனி வாங்கி வையுங்கள்" என்றார்.

இந்தச் சீனிக் கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கடைக்காரர், சிவப்புச் சீனியா வெள்ளைச் சீனியா என்று கேட்டார். சிவப்புச் சீனி கிலோவுக்கு 60 ரூபாய் கூட. மாட்டின் உயிர் விடயத்தில் கஞ்சத்தனம் பார்க்கலாமா என்று குழம்பி, கடைவாசலில் நின்றே வைத்தியருக்கு மறுபடியும் அழைப்பெடுத்தேன். "தம்பி, தேநீருக்கு இல்லை, எதுவானாலும் சரி" என்றார். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். வெள்ளைச் சீனியோடு திரும்பினேன்.

வைத்தியர் இளஞ்சூட்டு உப்புநீரால் கழுவி, ஒட்டியிருந்த இளங்கொடியை மெதுவாகப் பிரித்து, சீனியை அள்ளித் தூவினார். சீனி, வீங்கிய சதையிலிருந்த நீரை வெளியே இழுக்கிறது. சிறிது நேரத்தில் பாகுபோல நீர் வழிய, வீக்கம் கண்முன்னே வற்றியது. சொல்ல மறந்துவிட்டேன், இதற்கெல்லாம் முன்னரே வாலடியில் முள்ளந்தண்டுக்குள் மரக்க ஊசி போட்டாயிற்று. இல்லாவிட்டால் நாம் தள்ளத் தள்ள மாடு முக்கிக்கொண்டே இருக்கும்.

சிவப்பியை நெஞ்சில் படுக்கவிட்டுப் பின்னங்கால்களைப் பின்பக்கம் நீட்டினோம். நானும் மாமாவும் படங்கில் கருப்பையை ஏந்திப் பிடிக்க, வைத்தியர் யோனிவாயை ஒட்டிய பகுதியிலிருந்து தொடங்கி, விரல் நுனி குத்திவிடாதபடி உள்ளங்கையால் சிறிது சிறிதாக உள்ளே செலுத்தினார். கருப்பையின் கொம்புகள், அதாவது அதன் இரண்டு கிளைகள், நுனிவரை விரிய வேண்டும், மடிந்து கிடந்தால் மாடு மறுபடி முக்கும். அவருடைய கை எட்டாத தூரத்துக்கு, கழுவிய வெற்றுச் சோடாப் போத்தலின் அடிப்பக்கம் உதவியது. அதன் பிறகுதான் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஒக்சிற்றோசின் ஊசி. முன்னரே போட்டிருந்தால் இறுகிப்போய் உள்ளே போயிராது. கல்சியம் குறைந்து கருப்பை தளர்ந்ததுதான் காரணமாக இருக்கும் என்று கல்சியத்தையும் இரத்த நாளத்தில் மிக மெதுவாக ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடுமாம்.

ஒருமுறை தள்ளிய மாடு மறுபடியும் தள்ளும், இறைச்சிக்கு விற்றுவிடு என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஈனுவதற்கு முன்பே யோனி பிதுங்கும் மாடுதான் அடுத்தடுத்த சினைகளிலும் பிதுக்கும், அந்தக் குறை கன்றுக்கும் இறங்கலாம். ஈன்றபின் கருப்பை தள்ளிய மாடு மறுமுறை நலமாகவே ஈனலாம். சிவப்பி இன்று காலை எழுந்து புல் தின்றாள், கன்று பால் குடித்தது. மிஞ்சிய அரைக்கிலோ சீனியை அடுப்படியில் வைத்தேன்; அம்மா அதைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்து, நேற்றிலிருந்து பனங்கட்டியோடுதான் தேநீர் தருகிறார்.