குதிகால் தசைநாண் வலி: ரெஸ்ட் எடுத்தும் ஏன் திரும்ப வருது?

[திரையில்: குதிகாலுக்கு மேலே, பின்பக்கத் தசைநாணை விரல்களால் பிடித்துப் பார்க்கும் கை]

காலைல எழுந்து முதல் நாலடி வைக்கும்போது குதிகாலுக்கு மேல, பின்பக்கம் விறைப்பா பிடிச்சுக்கும். நடக்க நடக்க விட்டுக்கொடுக்கும். சாயந்திரம் ஓடப் போனா மறுநாள் காலைல இன்னும் மோசம். ஓடுறவங்க நிறைய பேருக்குத் தெரிஞ்ச வலி இது. கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போட சேர்க்கிற அக்கிலிஸ் தசைநாணோட வலி.

"ஒரு மாசம் ரெஸ்ட் எடுங்க"ன்னுதான் பொதுவா சொல்வாங்க. வலியும் அடங்கும். ஆனா சும்மா இருக்கிற காலத்துல தசைநாணும் கெண்டைச் சதையும் பாரம் தாங்குற பழக்கத்தை இழந்துடும். அதனால ஓட ஆரம்பிச்ச வாரமே வலி திரும்புது.

[திரையில்: ஸ்வீடன் வரைபடம், வடக்கே உமியோ நகரம்]

உமியோவுல ஹோகன் ஆல்ஃப்ரெட்சன்னு ஒரு எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர். அவருக்கே இந்த வலி. ஆபரேஷன் பண்ணுங்கன்னு கேட்டார், மேலதிகாரி மறுத்துட்டார். தசைநாண் அறுந்தா ஆபரேஷன் பண்ணித்தானே ஆகணும்னு, வலியைப் பொருட்படுத்தாம அதுமேல பாரத்தை ஏத்தினார். அறுந்துபோகல. வலிதான் போச்சு.

அதை முறையா சோதிச்சு 1998ல வெளியிட்டாங்க. ஓய்வு, மாத்திரை, ஷூ மாத்துறதுன்னு எல்லாம் பார்த்தும் ஓட முடியாம இருந்த 15 பேர். சராசரி வயசு 44. 12 வாரத்துல 15 பேருமே பழையபடி ஓடினாங்க. சின்ன ஆய்வுதான், குலுக்கல் முறையில பிரிச்சதும் இல்ல. ஆனாலும் பிசியோ சிகிச்சையோட போக்கையே அது திருப்பிடுச்சு.

[திரையில்: படிக்கட்டு விளிம்பில் முன்பாதம் மட்டும் ஊன்றியிருக்கிறது]

பயிற்சியைக் கவனமா பாருங்க. படி விளிம்புல முன்பாதத்தை மட்டும் வைங்க. ரெண்டு காலாலயும் எம்பி மேல வாங்க. இப்போ நல்ல காலை எடுத்துடுங்க. உடம்பு எடை மொத்தமும் வலிக்கிற கால்ல. குதிகாலை மெதுவா, படி மட்டத்துக்குக் கீழ வரைக்கும் இறக்குங்க. திரும்ப மேல வர நல்ல காலோட துணை. முழங்காலை நீட்டி 15 தடவை, மூணு சுற்று. அப்புறம் லேசா மடக்கி அதே மாதிரி மூணு சுற்று. மடக்கும்போது கெண்டைச் சதைக்கு உள்ளே இருக்கிற சோலியஸ் தசைக்கு வேலை கூடும், அதை யாரும் விட்டுடாதீங்க. காலைல, சாயந்திரம்னு தினமும் ரெண்டு வேளை. ஒரு நாளைக்கு 180 தடவை வரும்.

எவ்வளவு வலி பரவாயில்ல? ஸ்வீடன் பிசியோ கரின் சில்பர்நாகல் 2007ல காட்டினது இது: பத்துக்கு அஞ்சு வரைக்கும் வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள்ள அடங்கணும், வாரா வாரம் ஏறக் கூடாது. அந்த அளவுக்குள்ள ஓட்டத்தைத் தொடர்ந்தவங்களும், நிறுத்தினவங்க அளவுக்குக் குணமானாங்க. என்னைக் கேட்டா, ஓட்டக்காரங்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

[திரையில்: தசைநாணின் நடுப்பகுதி ஒரு நிறம், எலும்பில் சேரும் இடம் வேறு நிறம்]

ஆனா முதல்ல வலிக்கிற இடத்தைத் தொட்டுப் பாருங்க. குதிகால் எலும்புக்கு மேல ரெண்டுல இருந்து ஆறு சென்டிமீட்டர்ல வலிச்சா நான் சொன்ன பயிற்சி. எலும்போட சேர்ற இடத்துலயே வலிச்சா படி வேண்டாம், சமதரையில பண்ணுங்க. கீழ இறக்கினா அங்க நசுங்கும். பின்னாடி இருந்து யாரோ உதைச்ச மாதிரி திடீர்னு 'பட்'னு விட்டுச்சுன்னா பயிற்சியே கிடையாது, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வலி வந்தாலும் உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

[திரையில்: ஜிம்மில் பளு வைத்துக் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி]

தினமும் 180 தடவை யாரால முடியும்னு கேட்பீங்க. நியாயம்தான். முடிஞ்ச அளவு மட்டும் பண்ணச் சொன்னவங்களுக்கும் பலன் குறையலன்னு 2014ல ஒரு ஆய்வு சொல்லுது. 2015ல டென்மார்க்ல இன்னொண்ணு: வாரம் மூணு நாள், ஜிம்ல நல்ல பளு வெச்சு, மெதுவா ஏத்தி இறக்கினவங்களும் அதே அளவு தேறினாங்க. வேலைக்குப் போறவங்களுக்கு நான் இதைத்தான் முதல்ல சொல்வேன். வாரம் மூணு நாள்னா விடாம வருவாங்க. எதை எடுத்தாலும் 12 வாரம் கொடுங்க. நாலாவது வாரத்துல வலி அப்படியே இருக்குன்னு நிறுத்திடாதீங்க.