வால் இல்லாத வால்டாக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னை ஜார்ஜ் டவுனில் ஏழுகிணறு பையன். சின்ன வயதில் வால்டாக்ஸ் ரோடு என்றதும், வெள்ளைக்காரன் மாட்டு வாலுக்கு வரி போட்டிருப்பான் என்றுதான் நினைத்தேன். சிரிக்காதீர்கள், இங்கே பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

அந்த 'வால்' இங்கிலீஷ் வால், அதாவது மதில்; 'டாக்ஸ்' வரி. 1767-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னை வாசல் வரை வந்து போனது. பயந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனி, நம் ஊரின் வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுப்பியது. கிழக்கே கடலே காவல். அப்போது அலை இன்றைய ராஜாஜி சாலை ஓரம் வரை வரும். மதில் செலவை ஊர்க்காரர்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். அப்படி வசூலிக்க அதிகாரம் உண்டா என்று சந்தேகம் வந்து, கடைசியில் வாங்காமலே விட்டுவிட்டார்கள். வாங்காத வரிக்கு ஒரு ரோடு! மதிலில் மிச்சம் ஒரு துண்டு பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிப் பூங்காவாக நிற்கிறது.

ஆனால் இந்த ஊரே இரண்டாவது ஊர்தான். முதல் ஊரான பழைய கருப்பர் பட்டணம் புனித ஜார்ஜ் கோட்டைச் சுவரை ஒட்டி, இப்போது ஹைகோர்ட் இருக்கும் இடத்தில் இருந்தது. துணி வாங்க வந்த கம்பெனிக்காக நெசவாளிகள், மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷிகள், செட்டிகள் எல்லாம் அங்கேதான் குடியேறினார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, பக்கத்து வீடுகளை இடித்தார்கள். சரி, அவர்கள் எதிரிகள். திரும்ப வந்த இங்கிலீஷ்காரர்கள் என்ன செய்தார்கள்? மிச்சத்தையும் இடித்தார்கள். அந்த வீடுகளுக்குப் பின்னால் பதுங்கி எதிரி பீரங்கி வைப்பானாம். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போனது. அப்புறம் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்நின்று, கம்பெனி கொடுத்த மாற்று இடத்தில் கட்டியதுதான் பூக்கடைப் பக்கம் இருக்கும் பட்டணம் கோயில். சாமிக்கு மாற்று இடம் கிடைத்தது பதிவில் இருக்கிறது. வீடு இழந்த நெசவாளி தறியை எங்கே தூக்கிக்கொண்டு போனான் என்பதுதான் எனக்குத் தெரிய ஆசை.

முதல் ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்த முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும்தான் புதுக் கருப்பர் பட்டணம். 1906-இல் இளவரசர் ஜார்ஜ் வந்து போனதும் ஜார்ஜ் டவுன் ஆனது. நாம் ரெண்டையும் சொல்வதில்லை. பாரீஸ், மண்ணடி, சௌகார்பேட்டை என்போம். காய்கறி மார்க்கெட் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போயும் கொத்தவால்சாவடி இன்னும் கொத்தவால்சாவடிதான்.

முதல் ஊரை இடித்த இடத்தில் மறுபடி யாரும் வீடு கட்டிவிடக் கூடாதென்று 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி இருக்கிறது. பீச் ஸ்டேஷன் போகிறவர்கள் இன்றைக்கே பார்க்கலாம். நான் அந்தத் தூணோரம் இருபது வருஷம் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன், டீ கிளாஸை அதன்மேல் வைத்துக்கொண்டு.