மிதியடிக்குக் கீழே ஒரு சாவி

திரைப்படக் கழகத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையின்றித் தந்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, எண்பது வயதிலும் முன்வரிசைக்கு வந்துவிட்ட என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, மழையிலும் வந்திருக்கும் தாய்மார்களே, மாணவர்களே, வணக்கம். நகர்மன்ற உறுப்பினர் அம்மையாருக்குத் தனி நன்றி. அவரிடம் கேட்க ஒன்று வைத்திருக்கிறேன்.

அமெரிக்க இயக்குநர் சோபியா கொப்பலா 2013இல் தந்த ‘தி பிளிங் ரிங்’ படத்தை இப்போது பார்த்தோம். பிள்ளைகள், பெற்றோர், பத்திரிகைகள் என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இது நடந்த கதை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் சிலர், நட்சத்திரங்களின் வீடுகளுக்குள் புகுந்து ஏறத்தாழ 30 லட்சம் டாலர் மதிப்புள்ள நகைகளையும் உடைகளையும் திருடினார்கள். யார் எந்த விருந்துக்கு வெளியூர் போயிருக்கிறார் என்பதை இணையமே சொன்னது. பசிக்காகத் திருடவில்லை. திருடன் என்றால் ஒளிவான். படத்தில் இவர்கள் திருடியதை அணிந்துகொண்டு புகைப்படம் எடுத்து ஊருக்கே காட்டுகிறார்கள்.

அந்த நட்சத்திரங்களில் ஒருவரான பாரிஸ் ஹில்டன் வீட்டுச் சாவி மிதியடிக்குக் கீழே இருந்தது. பலமுறை போய் வந்தார்கள். அதே வீட்டைத்தான் அவர் படப்பிடிப்புக்கும் தந்தார். மெத்தைத் திண்டுகளில்கூட அவருடைய முகம்தான்!

அந்தச் சாவியைப் பார்த்ததும் எனக்கு என் பாட்டி நினைவு வந்தது. வயலுக்குப் போகும்போது சாவியைத் திண்ணை மாடத்தில் விளக்குக்குப் பின்னால் வைப்பாள். தெருவுக்கே தெரியும். ஒருநாள் திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. பாட்டி பதறி உள்ளே ஓடினாள். அடுக்களையில் எதிர்வீட்டுப் பையன்கள் மூவர் சட்டிச் சோற்றைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அம்மா பேறுகாலத்துக்குப் போயிருந்தாள். பாட்டி திட்டவில்லை, ஊறுகாய்ச் சாடியை இறக்கி வைத்தாள். “ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்” என்றாள். அந்த மூவரில் ஒருவர்தான் பின்னாளில் என்னைக் கல்லூரியில் சேர்க்கக் கூடவே வந்தார்.

படத்தில் ஒரு தாய் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிறாள். நடிகை ஏஞ்சலினா ஜோலியிடம் நாம் பின்பற்றத்தக்க குணங்கள் எவை என்று கேட்கிறாள். அவருடைய கணவர் என்கிறாள் ஒருத்தி. உடலழகு என்கிறாள் இன்னொருத்தி. எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கார் இருந்தது, பணம் இருந்தது. யாருக்கும் தங்களைக் காட்டிக்கொள்ள வேண்டாத ஒரு மாலை நேரத்தை மட்டும் எவரும் தரவில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்ப்பது என்றால் சோறு மட்டுமா?

அம்மையார் அவர்களே, நம் ஊர்ப் படிப்பகம் மாலை ஐந்து மணிக்கே பூட்டப்படுகிறது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு சேரும் நேரம் அது. எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று நான்கு மாதமாகக் கையெழுத்து வாங்கி வருகிறோம். ஒரு விளக்கும் ஒரு காவலரும் போதும். முறைவைத்து உடன் அமர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆறு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பத்திரிகைகளைப் பற்றிப் பேச நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். கையெழுத்து ஏடு வாசலில், குடைகள் வைத்திருக்கும் மேசைமேல் இருக்கிறது. முதல் கையெழுத்தை என் ஆசிரியர் இப்போது போடுவார். ஐயா, வாருங்கள்.