பிரேக் கட்டையை நகத்துல அமுக்கிப் பாத்து வாங்காதீங்க

[காட்சி: மேசை மேல நீளவாக்குல அறுத்த பிரேக் கட்டை. கேமரா நெருங்குது.]

வணக்கமுங்க. இது 70 மில்லிமீட்டர் நீளச் சைக்கிள் பிரேக் கட்டை, ரெண்டு கையாட்டம் ரிம்மை ரெண்டு பக்கமும் அமுக்குற வி-பிரேக்குக்கானது. ஆக்ஸா பிளேடு வெச்சு ரெண்டா அறுத்திருக்கு. உள்ள ஒரு இரும்புத் தகடு, அதுல பிடிச்ச போல்ட்டு, சுத்தியும் கருப்பு ரப்பர். ஓரத்துல மினுக்குமினுக்குன்னு தெரியுது பாருங்க, அது ரப்பரோட வந்ததில்லீங்க. அதுக்கு அப்புறமா வரலாம்.

கடையில எல்லாரும் பண்றது ஒண்ணுதான். நகத்துல அமுக்கிப் பாத்து, மெத்துன்னு இருந்தா "நல்லாப் பிடிக்கும்"னு எடுத்துக்குவாங்க. நகத்துக்குத் தெரியுறது கடினம் மட்டுந்தான். அதை ஷோர் ஏ-ங்கிற அளவுல சொல்லுவாங்க, எண் கூடக் கூடக் கடினம். ரப்பர் பேண்டு 25 பக்கம், கார் டயரோட தேயுற பரப்பு 60-லிருந்து 70. ஒரே கடினத்துல இருக்கிற ரெண்டு கட்டை மழையில ரெண்டு விதமா நடந்துக்கும். வித்தியாசம் கலவையிலயும், அச்சுல சூட்டுல வேக வெச்ச விதத்துலயும் இருக்குதுங்க.

[காட்சி: ரெண்டு உருளை மில். ரப்பர் உருளையைச் சுத்திப் போர்வையாட்டம் படியுது.]

ரப்பர்க்காரங்க கணக்கு எப்பவும் 100 பங்கு ரப்பர்ல ஆரம்பிக்கும். அதுக்கு 5 பங்கு துத்தநாக ஆக்சைடு, 1-லிருந்து 2 பங்கு ஸ்டியரிக் ஆசிட், 2 பங்கு பக்கம் கந்தகம், ஒரு பங்கு ஆக்சிலரேட்டர், அதாவது ரப்பரைச் சீக்கிரம் வேக வைக்கிற மருந்து. இது எல்லா ரப்பர் பொருளுக்கும் பொதுவான அடுப்படிக் கணக்கு. இதைப் பிரேக் கட்டையா மாத்துறது மேல சேர்க்கிற பொடிங்கதான்: கார்பன் பிளாக், சிலிக்கா, இரும்பு ஆக்சைடு. விலை குறைக்கோணும்னா பழைய டயர்லிருந்து மீட்ட ரப்பரும் களிமண் பொடியும் சேர்ந்துக்கும்.

ரெண்டு உருளையும் ஒரே வேகத்துல சுத்தாது. அந்த வேக வித்தியாசந்தான் ரப்பரை இழுத்துப் பிசையுது. பிசையப் பிசையச் சூடேறும். அதனால கந்தகமும் ஆக்சிலரேட்டரும் கடைசியிலதான் போடோணும். முன்னாடியே போட்டா மில்லுலயே பாதி வெந்துரும். அப்புறம் அச்சுல ஓடாது, மூலை நிரம்பாது.

ரப்பருக்குள்ள வர்ற இரும்புத் தகடுல துரு, எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, பாண்டிங் பசை தடவிக் காய வெச்சு அச்சுல வைக்கிறாங்க. இந்த இடத்துல கை பட்டுப் பிசுக்கு ஒட்டினாக்கூட நாளைக்கு ரப்பர் தகட்டை விட்டு உரிஞ்சு வரும்.

[காட்சி: ஹைட்ராலிக் பிரஸ் மூடுது.]

கோயமுத்தூர்ல பம்ப்செட்டுக்கு வாசர் அடிக்கிற மாதிரிப் பிரஸ்ஸே போதும். சூடு 150-லிருந்து 160 டிகிரி. நேரம் கலவையையும் கனத்தையும் பொறுத்தது. 10 டிகிரி ஏத்தினா நேரம் பாதியாகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஆனா ரப்பர் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. அவசரத்துக்குச் சூட்டைக் கூட்டினா தோல் வெந்து நடு வேகாது, நம்மூரு போண்டா மாதிரி. வேகாத கட்டை ரிம்முல கருப்பா ஈசிக்கிட்டுப் போகும். ரொம்ப வெந்தது ஓரம் நொறுங்கும்.

இனி ஒப்பிடறது. சென்டர் ஸ்டாண்டு இருக்கிற சைக்கிளா எடுத்துக்கங்க, பின்சக்கரம் அந்தரத்துல நிக்கும். பின் பிரேக் லீவரைப் பிடிச்சிருக்கிற கிளாம்பைத் தளர்த்தி, லீவர் ஹேண்டில்பாருக்கு நேர் மேல வர்ற மாதிரித் திருப்புங்க. லீவர் நுனியில 2 லிட்டர் தண்ணி பாட்டிலைத் தொங்க விட்டா 2 கிலோ இழுவை, எப்பவும் ஒரே அளவு. டயரோட பின்பக்கத்துல கயிறு கட்டி, லக்கேஜ் எடை பாக்கிற தராசுல மாட்டி நேரா மேல இழுங்க. ஒருத்தர் சீட்டை அமுக்கிப் பிடிச்சுக்கோணும்.

[காட்சி: தராசு முள் ஏறி நிக்குது, சக்கரம் வழுக்குது.]

சக்கரம் வழுக்கிக்கிட்டே வரும்போது முள்ளு காட்டுற அளவைக் குறிச்சுக்கங்க. அடுத்து ரிம்முல தண்ணியை ஊத்தி அதையே திரும்பச் செய்யுங்க. காஞ்சப்ப 12 கிலோ, நனைஞ்சப்ப 7 கிலோன்னு வர்ற கட்டையை, 14-ம் 4-ம் காட்டுற கட்டையை விட நாங்க மேலன்னு சொல்லுவோம். ஒவ்வொரு கட்டையையும் மாட்டினதும் ஓட்டி 30 தடவை பிரேக் பிடிச்சுப் பதிய விட்டுட்டுத்தான் அளக்கோணும். பிரேக் ஒயரை இடையில மாத்தாதீங்க.

நீளக் கட்டை கூடுதலாப் பிடிக்கும்னு சொல்றது சரியில்லீங்க. அதே அழுத்தம் பெரிய பரப்புல பரவுது, அவ்வளவுதான். தேயுறது மெதுவாகும், அது நெசம். செங்கல் நிறக் கட்டைங்க மழைக்கு நல்லதுன்னு பேர் வாங்கினது இரும்பு ஆக்சைடால. ஆனா நிறத்தைச் சாயத்துலயும் கொண்டு வரலாம், அதனால தண்ணி ஊத்திப் பாத்தே முடிவு பண்ணுங்க. குரோம் பூசின இரும்பு ரிம்மா இருந்தா எந்தக் கட்டை போட்டாலும் மழையில தூரமாவே பிரேக்கைப் பிடிக்கோணும்.

இந்தத் தராசு காட்டாத ஒண்ணு சூடு. குன்னூர் ஸ்டேஷனிலிருந்து மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் கிட்டத்தட்ட 1,400 மீட்டர் கீழ. ஆளும் சைக்கிளும் 85 கிலோன்னா, இறங்கி முடிக்கிறப்ப வெளியாகுற சக்தி மூணரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். காத்து கொஞ்சம் வாங்கிக்கும், மீதி ரிம்முக்கும் கட்டைக்கும். மலை இறங்கினதும் கட்டை முகம் கண்ணாடியா மின்னினா 120 நம்பர் உப்புத்தாள்ல தேச்சு விடுங்க.

மாட்டும்போது ஒண்ணு. ரப்பர் மட்டும் கழட்டி மாத்துற ஹோல்டர்ல, மூடின முனை சைக்கிள் போற திசையில முன்னாடி இருக்கோணும். திருப்பிப் போட்டா பிரேக் பிடிக்கிறப்ப ரப்பர் நழுவி வெளிய போயிரும்.

[காட்சி: மறுபடி அறுத்த கட்டை. ஊசி முனை ஒரு துகளைக் கிளப்புது.]

அந்த மினுக்கம் ரிம்முலிருந்து பேந்த அலுமினியம். மண்ணு மாட்டி ரிம்மைச் சுரண்ட, சுரண்டினது கட்டையில குத்தி நிக்க, அது இன்னும் சுரண்டும். கரகரன்னு சத்தம் வந்தா சக்கரத்தைக் கழட்டி, ஊசியில ஒவ்வொண்ணா நெம்பி எடுங்க. அதே கட்டையைக் கார்பன் நார் ரிம்முக்கு மட்டும் மாத்திப் போட்டுராதீங்க.