கால் விடுபட்ட எழுத்தும் கோரக்பூர் அச்சகமும்

நேயர்களுக்கு வணக்கம். ரயிலுக்குக் காத்திருக்கும்போது நடைமேடையில் பார்த்திருப்பீர்கள், ‘கீதா பிரஸ், கோரக்பூர்’ என்று பலகை போட்ட புத்தகக் கடையை. சட்டைப் பையில் அடங்கும் கீதை, அனுமான் சாலிசா, கெட்டி அட்டை போட்ட ராமசரிதமானஸ், எல்லாமே கைக்கு எட்டும் விலையில். இந்த அச்சகம் பிறந்ததே அச்சுப்பிழையால்தான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஜெயதயால் கோயந்தகா என்று ஒரு மார்வாரி வியாபாரி. வங்காளத்தில் பாங்குரா என்ற ஊரில் கடை. ‘சேட்ஜி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வியாபாரத்துக்காகப் போகிற ஊரிலெல்லாம் நாலு பேரைக் கூட்டி உட்காரவைத்துக் கீதை பேசுவார். கல்கத்தாவில் கூட்டம் பெருகியது. கேட்கிறவர்கள் கையில் நல்ல கீதைப் புத்தகம் இல்லை. சரி, நாமே அச்சடிப்போம் என்று கல்கத்தாவில் ஓர் அச்சகத்தில் கொடுத்தார். வந்த புத்தகத்தில் பிழை மேல் பிழை. திருத்தச் சொன்னார், மறுபடி திருத்தச் சொன்னார். கடைசியில் அச்சகக்காரர், இத்தனை சுத்தமாக வேண்டுமென்றால் நீங்களே ஒரு பிரஸ் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

ஒரு எழுத்துக்கு இவ்வளவா என்று கேட்கலாம். முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் எதிரே நிற்பவர்களைப் பார்த்து ‘ஸ்வஜனம்’ என்கிறான். என் சொந்தக்காரர்கள் என்று அர்த்தம். அந்த ‘ஸ’ இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து எழுத்து விழுந்து ‘ச்வஜனம்’ ஆனால், நாய்க்கூட்டம் என்று அர்த்தம் மாறிவிடும். இலக்கணம் படிக்காத பிள்ளைக்குச் சமஸ்கிருதத்தில் இந்த உதாரணத்தைத்தான் சொல்வார்கள். பாட்டனையும் குருவையும் பார்த்துக் கண் கலங்குகிறவன் வாயில் அந்தச் சொல் வந்தால் எப்படி இருக்கும்?

நான் முப்பது வருஷம் ப்ரூஃப் பார்த்தவன். ஈய எழுத்துக் காலம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ், ஐந்நூறு பிரதி. காலையில் நோட்டீஸ் கட்டு வாங்க வந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். அப்படியே என் பக்கம் திருப்பி விரலை வைத்தார். ‘பால்குட ஊர்வலம்’ என்பதில் கால் விடுபட்டு ‘பல்குட ஊர்வலம்’ என்று இருந்தது. இரண்டு முறை படித்த வரி அது. அங்கே பால் என்றுதான் இருக்கும் என்று மனசு நினைக்கிறது, கண்ணும் அதையே பார்த்துவிடுகிறது. பெரியவர் திட்டவில்லை. “அம்பாள் காரியம் தம்பி” என்றார், அவ்வளவுதான். ஐந்நூறு நோட்டீஸிலும் பேனாவால் கால் போட்டோம். ‘ப’வுக்கும் ‘ல்’லுக்கும் நடுவே இடமே இல்லை. ஒல்லியாக ஒரு கோடு, மை பரவாமல் ஊதி ஊதி. மத்தியானம் வரை ஆனது. அன்றிலிருந்து எழுத்து எழுத்தாக விரல் வைத்துத்தான் படிப்பேன். அதனால்தான் சேட்ஜியின் பிடிவாதம் எனக்கு அவ்வளவு பெரிதாகப் படுகிறது.

அப்புறம் என்ன ஆயிற்று? கோரக்பூர்க்காரரான கன்ஷ்யாம்தாஸ் ஜாலான், எங்கள் ஊரில் போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். 1923-இல் உருது பஜாரில் மாதம் 10 ரூபாய் வாடகைக்கு ஓர் இடம். அச்சு இயந்திரத்துக்கு 600 ரூபாய். கீதையைப் பிழையில்லாமல் அடிக்க வேண்டும், ஏழை வாங்கும் விலைக்குக் கொடுக்க வேண்டும். இரண்டே எண்ணம்தான்.

கீதா பிரஸின் பத்திரிகையான ‘கல்யாண்’ மூன்று வருஷம் கழித்து வந்தது. 1926-இல் டில்லியில் மார்வாரி அகர்வால் மகாசபை கூடியபோது, ஹனுமான் பிரசாத் போத்தாரிடம் ஒரு பத்திரிகை நடத்துங்களேன் என்று யோசனை சொன்னவர் தொழிலதிபர் கன்ஷ்யாம்தாஸ் பிர்லா. போத்தார் சின்ன வயதில் கல்கத்தாவில் புரட்சிக்காரர்களோடு பழகி, அதற்காகக் கைதானவர். அப்போது பம்பாயில் வியாபாரம். அந்த ஆகஸ்டிலேயே ‘கல்யாண்’ முதல் இதழ் பம்பாய் வெங்கடேஸ்வர் அச்சகத்தில் அச்சாகி வந்துவிட்டது. அடுத்த வருஷம் கோரக்பூருக்கு வந்தது.

காந்தி போத்தாருக்குச் சொன்ன புத்தி: வெளி விளம்பரம் வாங்காதே, புத்தக விமர்சனம் போடாதே. விளம்பரம் எடுத்தால் என்றைக்காவது விளம்பரக்காரருக்குக் கட்டுப்பட வேண்டிவரும். ‘கல்யாண்’ இரண்டையும் பிடித்துக்கொண்டது. பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்குத்தான் தெரியும், விளம்பரமில்லாமல் காகிதக் கடன் அடைப்பது எவ்வளவு பாடு என்று. பின்னால் கோயில் நுழைவு விஷயத்தில் போத்தார் காந்தியோடு முரண்பட்டார். அதில் நான் காந்தி பக்கம்தான். ஆனால் அந்த எழுத்துச் சுத்தத்தைக் கும்பிடாமல் இருக்க முடியவில்லை.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. 1934-இல் ஆங்கிலத்தில் ‘கல்யாண கல்பதரு’ வந்ததையும், படங்கள் வரைந்த ஓவியர்களையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். தமிழிலும் அவர்கள் புத்தகம் போடுகிறார்கள். அடுத்த முறை நடைமேடையில் அந்தக் கடையைப் பார்த்தால் தமிழ்க் கீதை ஒன்றைக் கையில் எடுத்து, முதல் அத்தியாயத்தில் அந்த ‘ஸ்வஜனம்’ எங்கே இருக்கிறதென்று விரல் வைத்துப் பாருங்கள். வணக்கம்.