கட்டைவிரல் கட்டும் நேந்திரங்காய் சிப்ஸும்

வணக்கம். கட்டைவிரலில் என்ன கட்டு என்று கேட்கப் போகிறீர்கள், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். இதோ, காய் சீவும் இந்தக் கருவியின் வேலைதான். கடையில் மாண்டலின் ஸ்லைசர் என்று கேட்டு வாங்கினேன். மாண்டலின் என்றால் நமக்கு ஸ்ரீநிவாஸ்தானே நினைவுக்கு வருவார்? எங்கள் வீட்டில் எப்போதும் சீவுகட்டைதான்.

போன வாரம் நான்கு நேந்திரங்காய் சீவினேன். கடைசிக் காயில் விரல் நீளத்துக்குத் துண்டு மிச்சம். இதை எதற்கு விடுவது என்று இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தேன். வெட்டுப்பட்டதே தெரியவில்லை. உப்புத் தண்ணீரில் கை வைத்தபோதுதான் சுரீரென்றது. காயைக் குத்திப் பிடிக்கக் கூடவே வந்த கைப்பிடி அப்போது எங்கே இருந்தது? டிராயரில், பத்திரமாக!

அதனால் இன்று பிடியோடு சீவுகிறேன். கட்டைக்கு அடியில் ஈரத்துணி விரித்திருக்கிறேன், நகராது. நேந்திரங்காய்த் தோல் தடிமன், உரிக்க வராது. நீளவாக்கில் கீறிவிட்டு, கத்தி முனையால் நெம்பி எடுக்க வேண்டும். அதற்கு முன் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கறை இரண்டு நாளைக்குப் போகாது. உரித்த காயை மஞ்சள் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். வழுக்கும் காய்தான் விரலுக்கு எமன்.

கட்டையின் பக்கத்தில் கனத்தை மாற்றும் திருகாணியை ஒன்றரை மில்லிமீட்டரில் வைத்திருக்கிறேன். கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். ஓரமும் நடுவும் ஒரே கனம். கத்தியில் நான் நறுக்கினால் ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் பலகை. மெல்லிய பக்கம் கருகும்போது தடித்த பக்கம் வதவதவென்று நிற்கும். நேரம் மிச்சம் என்பதெல்லாம் சும்மா, கழுவித் துடைப்பதில் அது போய்விடும். இந்தச் சீரான கனத்துக்காகத்தான் இதை எடுக்கிறேன். பிரியாணிக்கு வெங்காயம் பொரிக்கும்போதும் அதே கதைதான். உருளைக்கிழங்கு என்றால் சீவியதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, துணியில் உலர்த்திவிடுங்கள். மாவு போனால்தான் ஒன்றோடொன்று ஒட்டாது. பழுத்த மாம்பழத்தை மட்டும் இதன் பக்கமே கொண்டுவராதீர்கள், கூழாகிவிடும்.

சிப்ஸ் கடையில் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலேயே கட்டையைப் பிடித்துச் சீவுவார்கள். அது அவர்கள் கைப்பழக்கம். நாம் தட்டில் சீவிக்கொண்டு, உதிர்த்து உதிர்த்துப் போடுவோம்.

சரி, இந்தக் காயில் இரண்டு அங்குலம் மிச்சம். நிறுத்துகிறேன். மிச்சத்தையெல்லாம் சேர்த்து நாளைக்கு எரிசேரி, கேரளத்துக் கூட்டு. பிளேடை விரலால் வழிக்காதீர்கள், பழைய டூத் பிரஷ் போதும். சிங்க்கில் பாத்திரத்துக்கு அடியில் போட்டுவிட்டும் போகாதீர்கள்; அடுத்து கை விடுகிறவர் பாவம்.

தேங்காய் எண்ணெய் காய்ந்துவிட்டது, போடுகிறேன். பாதி வெந்ததும் ஒரு ஸ்பூன் உப்புத் தண்ணீர். தள்ளி நின்று ஊற்றுங்கள், பொங்கிச் சீறும். பயப்படாதீர்கள், அந்தச் சத்தம் மெல்ல அடங்கி, கரண்டியில் அள்ளினால் சலசலவென்று கேட்க வேண்டும். இதோ கேட்கிறதா? எடுத்துவிடுகிறேன்.